இடிக்கப்போகும் ஓட்டு வீட்டை முழுசாகப் பதிவு செய்வது எப்படி: நினைவுப் படத்திலிருந்து நிலைக்கால் வரை

வீட்டை விற்றாயிற்று. அல்லது பங்கு பிரிந்தாயிற்று. அல்லது ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல் நாலு மழைக்கு ஒழுகி, இனி நிற்காது என்று கொத்தனார் சொல்லியாயிற்று. இடிக்க நாள் குறித்ததும் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் போனில் நாற்பது படம் எடுத்து வருகிறார்கள். ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால் முப்பது படங்களில் திண்ணையில் ஆட்கள் நிற்கிறார்கள். மீதிப் பத்தில் எந்தக் கதவு எந்த அறைக்குப் போகிறது என்று எடுத்தவருக்கே தெரிவதில்லை.

இந்த வழிகாட்டி அதற்கு மாற்று. காவிரிப் பாசனப் பக்கத்து ஓட்டு வீட்டை மனதில் வைத்து எழுதியது: திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகும் நடை), முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், அடுக்களை, கொல்லை, கிணற்றடி. நெல்லைப் பக்கம் பட்டாசலும் அரங்கும் இருக்கும், செட்டிநாட்டில் முகப்பும் வளவும் இருக்கும்; பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். மூன்று பேர் இருந்தால் வீட்டில் செய்யவேண்டியதை இரண்டு நாளில் முடிக்கலாம். அதற்கு முந்தைய இரண்டு வாரம் வீட்டுக்குப் போகாமலேயே செய்யவேண்டிய வேலை இருக்கிறது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நினைவு முதலில், அளவு அடுத்து, கல்லும் மரமும் கடைசியில். அளந்தபின் நினைவிலிருந்து வரைந்தால் வருவது நினைவு அல்ல, அளவின் நகல்.

1. ஆளுக்கொரு நினைவுப் படம்

அந்த வீட்டில் வளர்ந்த ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில், பென்சிலால், பழைய படம் எதையும் பார்க்காமல் வீட்டை வரையவேண்டும். அரைமணி நேரம் போதும். தெருவிலிருந்து தொடங்கி உள்ளே நடப்பதுபோல வரைந்தால் கை நிற்காது. நடுக்கூடத்திலிருந்து தொடங்கியவர்கள் பாதியில் குழம்பி விடுகிறார்கள். சுவரும் கதவும் வரைந்தபின் இவற்றைக் குறிக்கச் சொல்லுங்கள்: யார் எங்கே படுத்தார்கள், எந்த விளக்கு கடைசியில் அணைந்தது, மழையில் எங்கே பாத்திரம் வைத்தார்கள், இருட்டியபின் எந்த இடத்துக்குப் போகப் பயம். தாளின் மூலையில் பெயர், தேதி, "5 வயதிலிருந்து 14 வயதுவரை இங்கே" என்பதுபோல ஒரு வரி.

தனியாக என்பதற்குக் காரணம் உண்டு. கூடி உட்கார்ந்தால் அக்காவோ பெரியண்ணனோ சொன்னதே எல்லாருடைய நினைவாகவும் ஆகிவிடும். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமல் ஒரே ஒருவருக்கு அனுப்பட்டும். குழுவில் ஒன்று விழுந்துவிட்டால் அடுத்து வருபவை எல்லாம் அதன் நிழல்தான்.

எல்லாம் சேர்ந்தபின் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண்பாடு நிறைய வரும். திருத்தாதீர்கள், குறித்து வையுங்கள். அம்மிக்கல் கிழக்கே இருந்தது என்று ஒருவரும் வடக்கே என்று இன்னொருவரும் சொன்னால் பெரும்பாலும் இருவரும் சரி; நடுவில் ஒரு வருஷம் அது இடம் மாறியிருக்கும். முற்றத்தை எல்லாரும் பெரிதாக வரைவார்கள். 5 வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் மூன்றரை அடி. 11 அடி மேற்கூரை அதற்குத் தன்னைப்போல மூன்று மடங்கு. வளர்ந்தவருக்கு இரண்டு மடங்குதான். மூன்று வயதுக்கு முந்தையது என்று யாராவது சொன்னால் ஓரத்தில் "கேட்டது" என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வயது நினைவு அநேகமாகப் பெரியவர்கள் சொல்லியோ படத்தில் பார்த்தோ வந்தது.

2. காகிதங்கள்

மூலப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். விலை, பெயர்களைவிட நமக்கு முக்கியம் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரம். "கிழமேல் ஜாதியடி வடபுறம் இவ்வளவு, தென்புறம் இவ்வளவு" என்று இருக்கும் (கிழமேல் என்றால் கிழக்கு மேற்காக, ஜாதியடி என்றால் அடிக்கணக்கில் நீளம்). இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் மனை கோணல். நாளை டேப் பிடிக்கும்போது சுவர் சரியாக மூடவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். செக்குபந்தியில் நான்கெல்லைக்காரர்களின் பெயர் இருக்கும்; பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. பத்திரம் தொலைந்திருந்தால் பதிவு எண்ணும் ஆண்டும் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். கிராம நத்தத்தில் உள்ள வீடென்றால் பத்திரமே இல்லாமல் இருக்கலாம். அப்போது நத்தம் பட்டா, வீட்டு வரி ரசீது, பழைய மின்கட்டண அட்டை. மின் இணைப்பு எந்த வருஷம் வந்தது என்று தெரிந்தாலே பாதி நினைவுகளுக்கு முன், பின் கிடைத்துவிடும்.

வீடு ஏற்கெனவே போய்விட்டிருந்தால் 3, 4, 6, 7-ஆம் படிகளைச் செய்ய முடியாது. ஆனாலும் முழுக்கக் கைவிடவேண்டியதில்லை. கல்யாணப் படங்களில் ஆட்களை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்: தூண், ஜன்னல் கம்பி, சுவரின் கீழ்ப்பட்டையின் நிறம். படத்தில் நிற்பவரின் உயரம் தெரியுமென்றால் அவருக்குப் பக்கத்துத் தூணின் உயரத்தைக் கணக்கிடலாம். அதே தெருவில் அதே காலத்தில் கட்டிய வீடு, அதிலும் பொதுச்சுவர் பங்கிட்ட பக்கத்து வீடு, இன்னும் நின்றால் கேட்டுக்கொண்டு அதை அளந்துவிடுங்கள். அறை வரிசை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கணினியில் ஓடும் கூகுள் எர்த் ப்ரோவில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி உண்டு. ஓட்டுக்கூரையின் வடிவமும் முற்றத்தின் கட்டமும் அதில் தெரியக்கூடும்.

3. அளப்பது

வேண்டியவை: 5 மீட்டர் இரும்பு டேப், 30 மீட்டர் நாடா டேப், கொத்தனாரின் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்), டார்ச், மில்லிமீட்டர் கட்டமிட்ட ஏ3 தாள், பென்சில். லேசர் டேப் இருந்தால் வேகம் கூடும். ஆனால் வெயில் அடிக்கும் முற்றத்தில் அதன் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. அளவைக் கருவியின் முன்முனையிலிருந்து எடுக்கிறதா பின்முனையிலிருந்து எடுக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் வீடு முழுக்க ஒவ்வோர் அறையிலும் கருவி நீளம் குறைந்துபோகிறது.

அடி, அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். அந்த வீட்டைக் கட்டியவர்கள் மீட்டரில் யோசிக்கவில்லை. 9 அங்குலம், 13½, 18 என்று சுவர்க் கனங்கள் நேராக விழும், 22.86 சென்டிமீட்டர் என்று எழுதிவைத்தால் கொத்தனார் என்ன நினைத்தார் என்பது மறைந்துபோகும்.

இந்த வகை வீடுகளில் ஒரு பெரிய வசதி: வாசலில் நின்றால் கொல்லை தெரியும். கதவுகள் ஒரே நேரில் இருக்கும். அதையே அடிக்கோடாக எடுங்கள். 30 மீட்டர் டேப்பின் பூச்சியத்தை வாசல் நிலைப்படியின் தெருப்பக்க விளிம்பில் வைத்து, கொல்லைக் கதவுவரை தரையோடு விரித்துக் கல் வைத்துவிடுங்கள். முற்றத்துப் பள்ளத்தில் மட்டும் இறக்காமல் விறைப்பாக மேலே பிடிக்கவேண்டும். இனி அதைத் தூக்கக்கூடாது. ஒவ்வொரு சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டேப்பில் எந்த எண்ணில் விழுகிறது என்று வரிசையாக எழுதுங்கள். அறை அறையாகத் தனித்தனியே அளந்து கூட்டினால் ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் தவறி, 12 துண்டில் அரையடி வித்தியாசம் வரும். அப்படி அளந்தவர்கள் சுவர்க் கனத்தை மறப்பதும் வழக்கம். வரைந்தபின் வீடு பத்திரத்தைவிட நாலடி குட்டையாக நிற்கும்.

அடிக்கோட்டிலிருந்து இடமும் வலமும் அறைகளின் அகலம். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூலைவிட்டம். 12 அடிக்கு 10 அடி அறையின் மூலைகள் செங்கோணமாக இருந்தால் மூலைவிட்டம் 15 அடி 7½ அங்குலம் அளவில் வரும். இரண்டு மூலைவிட்டமும் ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் அறை கோணல். பழைய வீட்டில் கோணல் இல்லாத அறைதான் அபூர்வம். உயரத்தில் மூன்று கட்டாயம்: தாழ்வார ஓட்டின் கீழ்விளிம்பு (தலை இடிக்கும் இடம்), சுவரின் மேல் கைமரம் உட்காரும் இடம், முகடு. தரை மட்டங்களை டியூப் லெவலில் எடுங்கள். தெருவிலிருந்து திண்ணை, திண்ணையிலிருந்து ரேழி, கூடத்திலிருந்து முற்றம் எத்தனை அங்குலம் ஏறுகிறது, இறங்குகிறது என்பது தரைப்படத்தில் தெரியாது. ஆனால் கால் மறக்காதது அதைத்தான்.

தாளில் ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று வரைந்தால் 100 அடி மனை 30 செ.மீ.யில் அடங்கும். நிலை, தூண், மாடம் போன்ற சின்ன விஷயங்களுக்கு ஓர் அடிக்கு 12 மி.மீ.; அப்போது ஓர் அங்குலம் ஒரு மில்லிமீட்டர், கணக்கே வேண்டாம்.

மாடக்குழிக்கு எழுதும் குறிப்பு எவ்வளவு விவரமாக இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"கூடம், வடக்குச் சுவர், கிழக்கிலிருந்து 2-ஆவது மாடம். அகலம் 8½, உயரம் 12, ஆழம் 6 அங்குலம். மேற்பகுதி வில் வளைவு. தரையிலிருந்து 4 அடி 2 அங்குலம். உள்ளே மூன்று பக்கமும் கரி. அடியில் எண்ணெய் இறங்கிச் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கறை. விளக்கு மாடம். இடதுபுறம் ஆணி, பஞ்சாங்கம் தொங்கியது (சித்தி சொன்னது)."

எல்லா மாடத்துக்கும் இவ்வளவு வேண்டாம். புழங்கிய மூன்று நான்குக்குப் போதும்.

4. படம் எடுப்பது

ஓர் அறைக்குப் பத்துப் படம்: நான்கு சுவரும் நேர்முகமாக, நான்கு மூலையிலிருந்து எதிர்மூலை, தரை, மேற்கூரை. பத்து அறை வீட்டுக்கு நூறு. அதற்குமேல் விவரப் படங்கள் எவ்வளவு வேண்டுமானாலும். அகலக் கோண லென்ஸ் வேண்டாம். ரேழி கல்யாண மண்டபம்போல விழும், தூண்கள் சாயும். முற்றத்தைப் பார்த்து எடுத்தால் தாழ்வாரம் கறுத்துவிடும். முற்றத்தில் நின்று தாழ்வாரத்தைப் பார்த்து எடுங்கள், காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், பாதி வெயில், பாதி ட்யூப்லைட் கலந்தால் காவித் தரையின் நிறம் எந்தப் படத்திலும் ஒன்றாக வராது.

பத்துப் படமும் கண்மட்டத்தில் எடுத்தபின், வீட்டின் முக்கியமான இடங்களை மறுபடி மூன்றேகால் அடி உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். ஒரு பிள்ளையின் கண்மட்டம் அது. ஊஞ்சல் பலகையின் அடிப்பக்கமும் மேசைக்குக் கீழே இருந்த உலகமும் திண்ணைத் தூணின் கனமும் அந்தப் படத்தில்தான் நினைவோடு ஒத்துப்போகின்றன. உடன்பிறந்தவர்களிடம் இரண்டு வரிசையையும் காட்டினால் எதைப் பார்த்து "ஆமா, இப்படித்தான்" என்கிறார்கள் என்று பாருங்கள்.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல்கள் எழும். நிலைக்காலில் பிள்ளைகள் உயரம் குறித்த பென்சில் கோடு, அடுக்களைச் சுவரில் பால் கணக்கு, நெல் மூட்டை எண்ணிய கரிக்கோடுகள், வெள்ளையடித்தும் மறையாத ஒரு பெயர். கோடுகளை ஒளி ஊடுருவும் தாள் ஒட்டி, தரையிலிருந்து உயரத்தோடு அப்படியே பென்சிலில் படியெடுங்கள். செதுக்கு வேலையுள்ள மரத்துக்கு மெல்லிய தாள் போர்த்தி மெழுகு கிரேயானின் பக்கவாட்டால் தேய்த்தால் உருவம் ஏறிவிடும்.

சுண்ணாம்புப் பொருக்கு ஒன்றையும் எடுங்கள், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு. உடைந்த விளிம்பைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் அடுக்கடுக்காக இருக்கும்: வெள்ளை, நீலம் கலந்த வெள்ளை, மஞ்சள் காவி, எங்கோ நடுவில் ஒரு பச்சை. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த வீட்டில் அந்த அடுக்குகளை எண்ணுவது வருஷங்களை எண்ணுவது மாதிரி. பச்சை எந்தக் கல்யாணத்துக்கு அடித்தது என்று யாராவது சொல்வார்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

5. பெரியவர்களோடு ஒரு நடை

வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் "அது ராசியான வீடு" என்பதோடு முடிந்துவிடும். அவர்களை வாசலிலிருந்து கொல்லைவரை நடக்கவிட்டு, நிற்கும் இடத்துக்கு ஏற்பக் கேளுங்கள். "பெரியம்மா, கல்யாணமாகி வந்த புதுசுல நீங்க எங்க படுத்தீங்க?" "காலையில மொதல்ல எந்திரிச்சு எந்தக் கதவத் தொறப்பீங்க?" "அரிசி வச்சிருந்த அறைச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?" நடக்க முடியாதவருக்கு நினைவுப் படத்தை மடியில் வைத்து விரலால் நடக்கச் சொல்லலாம்.

வருஷம் கேட்காதீர்கள், நிகழ்ச்சி கேளுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த புயல், 1977 நவம்பரில் டெல்டாவை அடித்த புயல், 1984 அக்டோபர் 31 இந்திரா காந்தி கொலை, 1987 டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். மறைவு. "எம்.ஜி.ஆர். செத்தப்ப நம்ம வீட்ல டிவி இருந்துச்சா, எதுத்த வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?" என்ற கேள்விக்கு உடனே பதில் வரும், கூடவே டிவி எந்தச் சுவரோரம் இருந்தது என்பதும் வரும்.

ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கவேண்டும், பலரும் தவிர்க்கும் கேள்வி: யார் எதுவரை உள்ளே வரலாம்? வயல் வேலைக்கு வந்தவர்கள் எந்தப் பக்கமாக வந்தார்கள், யாருக்குத் தண்ணீர் எங்கே, எதில் கொடுத்தார்கள், மாதவிலக்கு நாட்களில் பெண்கள் எங்கே இருந்தார்கள். தரைப்படத்தின் நகலில் இதைச் சிவப்புக் கோடாகப் போடுங்கள். திண்ணையோடு நிற்கும் கோடு, ரேழியோடு நிற்கும் கோடு, கொல்லைக் கதவுக்கு வெளியே நிற்கும் கோடு. சுவரைப்போலவே அதுவும் வீட்டின் அமைப்புத்தான். அது இல்லாத படம் அரைகுறைப் படம்.

ஒலிப்பதிவுக்குப் போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல், பேசுபவருக்குக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காதுக்குத் தெரியாவிட்டாலும் பதிவில் அதுதான் முதலில் கேட்கும். முக்கால் மணிக்கு மேல் ஒரு நாளில் வேண்டாம். ஆட்கள் போனபின் வீட்டின் சத்தங்களைத் தனியாக எடுங்கள்: நாதாங்கி விழும் சத்தம், ஊஞ்சல் சங்கிலி, கிணற்றுக் கப்பி, ஓட்டின்மேல் மழை கிடைத்தால் மழை. வாசனையைப் பிடிக்க வழியில்லை, பட்டியல் போடலாம். வாசனை கிளப்பும் நினைவுகள் பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்டவை என்று உளவியல் ஆய்வுகள் சொல்வதால், அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினாலே புதிதாக ஏதாவது வரும்.

6. எதைக் கழற்றுவது

இடிப்பவரோடு விலை பேசும் முன்பே முடிவெடுங்கள். மரம், ஓடு, இரும்பு எல்லாம் தனக்கு என்ற கணக்கில்தான் அவர் தொகை சொல்வார். நமக்கு வேண்டியவற்றைப் பட்டியலிட்டுப் படத்தோடு ஒப்பந்தத் தாளில் எழுதிவிட வேண்டும். பேச்சு முடிந்தபின் "அந்தத் தூண் மட்டும்" என்றால் விலை இரட்டிப்பு.

எல்லாரும் ஆசைப்படுவது வாசல் நிலை. ஆசைப்படும் முன் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பழைய நிலையின் உள்ளளவு பல வீடுகளில் இரண்டரையிலிருந்து மூன்றடி அகலம், ஆறடிக்குக் குறைந்த உயரம். ஏழடிக் கதவு வைக்கும் இன்றைய வீட்டில் அது வாசலாகப் பொருந்தாது. பூஜையறைக்கோ கண்ணாடிச் சட்டமாகவோதான் ஆகும். முடிவு செய்யாமல் எடுத்துவந்த நிலைகள் மொட்டை மாடியில் மழையில் நனைந்து கிடக்கின்றன. கழற்றுவது தச்சர் வேலை. கூரைப் பாரம் இறங்கியபின், மேலே முட்டுக் கொடுத்து, சுற்றியுள்ள பூச்சை உளியால் எடுத்து, இரண்டு காலுக்கும் குறுக்கே மூலைவிட்டமாக ஒரு சட்டம் அறைந்தபிறகுதான் அசைக்கவேண்டும். சட்டம் அறையாவிட்டால் நிலை கோணிக்கொள்ளும், பிறகு கதவு பொருந்தாது. மூட்டுகளுக்கு எண்ணிடச் சாக்பீஸ் வேண்டாம், அழிந்துவிடும், பெயின்ட். வந்து சேர்ந்ததும் மண்ணில் படாமல் செங்கல்மேல் கிடத்துங்கள்.

காவி சிமெண்ட் தரை பெயர்ந்து வராது, முயலவேண்டாம். ஆத்தங்குடிக் கல் சுண்ணாம்புக் கலவையில் பதித்ததென்றால் பெயரும், சிமெண்டில் பதித்ததென்றால் உடையும். ஓரமாக ஒன்றைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். நாட்டு ஓடு இரண்டு, சீமை ஓடு (ஆலையில் செய்த தட்டை ஓடு) ஒன்று எடுத்து வையுங்கள். சீமை ஓட்டில் ஆலையின் முத்திரை இருக்கும். பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷன்) முத்திரையில் 1865 என்று பார்த்தால் வீட்டுக்கு அந்த வயது என்று சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். அது மங்களூரில் ஆலை தொடங்கிய ஆண்டு. முதல் உலகப் போருக்குப் பின் அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்டின் கைக்குப் போயின. அந்தப் பெயர் இருந்தால் ஓடு அதற்குப் பிந்தையது. ஓடு மாற்றியிருக்கலாம் என்பதால் வீட்டின் வயதை ஓட்டை மட்டும் வைத்துச் சொல்லக்கூடாது.

பழைய வீட்டையே முழுசாகப் பெயர்த்து வேறிடத்தில் கட்டியதைப் பார்க்கவேண்டுமென்றால் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். கழற்றிய துண்டுகள் மறுபடி எப்படி உட்காரும் என்பது அங்கே விளங்கும்.

7. இடிக்கும் அன்று

ஒருவராவது போகவேண்டும், படம் எடுக்க. சுவர் பாதி விழுந்து நிற்கும்போதுதான் அதன் வயிறு தெரியும்: வெளியே செங்கல், உள்ளே மண்ணா சுண்ணாம்பா, எத்தனை வரிசைக்கு ஒருமுறை கல் மாறுகிறது, அடைத்துப்போன பழைய ஜன்னல் எங்கே இருந்தது. நினைவுப் படத்தில் ஒருவர் மட்டும் வரைந்த கதவு, மற்றவர்கள் இல்லவே இல்லை என்ற கதவு, பூச்சு உதிர்ந்ததும் அடைப்பாக வெளியே வருவது உண்டு.

வாசல் நிலையைத் தூக்கும் நேரத்தில் கூலியாட்களுக்கு முன்பே சொல்லிவைத்து, படிக்கு அடியில் உள்ள மண்ணைக் கையால் சலியுங்கள். நிலை வைக்கும்போது நவதானியத்தோடு காசு போடும் வழக்கம் உண்டு. கிடைத்தால் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். உலரவிட்டுக் காகிதத்தில் மடித்து, சாய்வெளிச்சத்தில் ஆண்டைப் படியுங்கள். அதற்கு முந்தைய ஆண்டில் அந்த வாசல் நின்றிருக்க முடியாது.